முப்பதிலேயே முதிரும் முகங்கள்

தோல் மருத்துவரிடம் வருகிறவர்கள் அரிப்பு, தேமல், பரு என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓசூரில் எல்லோரும் அப்படித் தொடங்குவதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் காலை நேர ஏ ஷிஃப்ட் முடித்துவிட்டு, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்த ஒரு பெண், "லைன்ல புதுசா சேர்ந்த புள்ள என்னைய ஆன்ட்டின்னு கூப்பிடுது மேடம். எனக்கு இருபத்தொன்பதுதான் ஆகுது" என்றார். இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. காதோரம் நாலைந்து நரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு க்ரீமை மாதக்கணக்கில் தடவியதில் தோல் மெலிந்து, சிவப்பு இழைகளாக ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்தன. மங்கு வந்து மூன்று வருடமாகிறதாம். அதுவரை அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் கடைக்குப் போயிருக்கிறார்.

"இதெல்லாம் ஒரு விஷயமா மேடம்?" என்று உடன் வந்த கணவர் கேட்டார். விஷயம்தான் என்றேன். ஏன் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

வயதாகித் தெரிகிறாய் என்று யாராவது சொல்லி மனம் நொந்தால், அதை அழகு மோகம் என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. சூளகிரியிலிருந்தும் பாகலூரிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் வருகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. இந்தக் கர்நாடக எல்லைப்புறத் தொழிற்பகுதியில் முகத்தில் தெரியும் வயது, கிடைக்கப்போகும் கூலியோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வலித்தது அழகு குறைந்துவிட்டதே என்பதால் மட்டும் இல்லை. அடுத்த வருடம் கான்ட்ராக்ட் நீட்டிப்பார்களா என்ற பயமும் அதற்குள் இருந்தது. விசாரித்தபோது அவரே அதைச் சொன்னார்.

ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் சிப்காட் சாலையோரக் கம்பங்களிலும் ஒட்டியிருக்கும் 'ஆட்கள் தேவை' தாள்களைப் படித்துப் பாருங்கள். படிப்பு, சாப்பாடு, ரூம், பஸ் வசதி எல்லாம் எழுதி, கூடவே ஒரு வயது வரம்பும் போட்டிருப்பார்கள். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து, இழுத்தால் முப்பது. ஆதாரில் வயது சரியாகவே இருந்தாலும், வரிசையில் நிற்கிறவரை முதலில் எடை போடுவது ஆள் எடுக்க வந்தவருடைய கண். "பாத்தா வயசு தெரியுதேம்மா, அப்புறம் சொல்றோம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நாற்பது ஆகியிருக்கவில்லை.

இந்த ஊர் தொடக்கத்திலிருந்தே இளைஞர்களைக் கொண்டு வளர்ந்த ஊர். 1971இல் சிப்காட் நிறுவனம் அமைந்தது. எழுபதுகளிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை உருவாகத் தொடங்கியது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வந்தன. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கைகோத்துத் தொடங்கிய டைட்டன், பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகளை அழைத்துவந்து கடிகாரம் கோக்கக் கற்றுக்கொடுத்தது. அன்று பதினெட்டு வயதில் வந்தவர்கள் இன்று ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். அந்தத் தலைமுறையின் நரைக்கு இங்கே மரியாதை உண்டு. ஷிஃப்டில் புதிதாகச் சேர்கிற பையன்கள் அவர்களை "அண்ணா" என்றும் "சீனியர்" என்றும் கூப்பிடுவார்கள். இயந்திரம் நின்றால் அவர்களைத்தான் தேடுவார்கள்.

அதே ஷெட்டில், அதே வயதில், அதே நரையோடு ஒருவர் கான்ட்ராக்ட்டில் இருந்தால் அவருக்குப் பெயர் "பெருசு". கம்பெனி ரோலில் இருப்பவருக்கு வயது ஏற ஏற சர்வீஸ் ஏறுகிறது, கிரேடு ஏறுகிறது, கிராஜுவிட்டி சேர்கிறது. கான்ட்ராக்ட்டில் இருப்பவருக்கு வயது ஏற ஏற அடுத்த இடம் கிடைக்கும் வாய்ப்பு இறங்குகிறது. ஆகவே தோற்றத்தைப் பற்றிய ஒரு பேச்சு ஒருவருக்குக் கேலியாகவும் இன்னொருவருக்கு எச்சரிக்கையாகவும் போய்ச் சேர்கிறது. மனவலிமை இருந்தால் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கம்பெனி ரோலில் இருப்பவர்கள்.

பெண்களைத் திரளாக வேலைக்கு எடுக்கும் ஆலைகள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்ததை நான் மனமார வரவேற்கிறேன். போச்சம்பள்ளி மின்ஸ்கூட்டர் ஆலையில் பத்தாயிரம் பெண்கள் வேலை செய்வார்கள் என்று ஓலா நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்குள் போகிற பேருந்துகளில் பெரும்பாலும் இளம்பெண்கள்தான். தன் பெயரில் கணக்கு, தன் கையில் ஏ.டி.எம். கார்டு என்று முதல் தலைமுறையாக நிமிர்ந்தவர்கள். முப்பதைத் தாண்டிய பிறகு இவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. அவர்கள் மட்டும் கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்கிறார்கள்.

மலையோரத்து ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் கொடுமையானது. 2025 மார்ச்சில், அஞ்செட்டி அருகே பதினான்கு வயதுச் சிறுமிக்குக் கல்யாணம் முடித்து, அவள் அழ அழத் தூக்கிக்கொண்டு போன காட்சியை நாடே பார்த்தது; வழக்கும் கைதும் நடந்தன. செய்தியாகாமல் நடந்த கல்யாணங்களின் பெண்கள் என் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினேழில் தாயாகி, முப்பத்தாறில் பேரப்பிள்ளை எடுத்தவர்கள். வேலைக்குப் போன இடத்தில் "பாட்டி" என்று கூப்பிட்டால் அவர்களால் மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

இனி, அந்த முகம் ஏன் முதிர்ந்தது என்பதைப் பார்ப்போம். பேச்சை வீசுகிறவர்கள் கேட்காத கேள்வி இதுதான்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைப்பதில்லை. சென்னையில் உச்சி வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள் இங்கே நண்பகலிலும் திறந்த வெளியில் நிற்கிறார்கள். ஆனால் தோலுக்குக் கேடு செய்யும் புற ஊதாக் கதிருக்கும் சூட்டுக்கும் தொடர்பு இல்லை. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேரிகை, பாகலூர் பக்கம் ரோஜா பறிக்கும் பெண்களின் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் மங்கு முதலில் விழுவது இதனால்தான். கம்பெனி பஸ்ஸுக்குக் காலையில் நிற்பவர்களுக்கும், ஸ்கூட்டியில் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறவர்களுக்கும் அதேதான்.

2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த புகைப்படம் தோல் மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர். அந்த நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். ஜன்னல் பக்கமாக இருந்த இடது கன்னம் தடித்து, வரி வரியாகத் தொங்கிப் போயிருந்தது. வலது கன்னம் பத்திருபது வயது இளையவருடையதாகத் தெரிந்தது. கண்ணாடி தோலின் மேற்பரப்பைச் சிவக்கவைக்கும் கதிரைத் தடுத்தாலும் ஆழத்துக்குப் போகிற கதிரை உள்ளே விட்டுவிடும். நம் ஊரில் அது வலது கன்னம். கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் ஓடும் லாரிக்காரர்களின் வலது கன்னத்தையும் வலது முழங்கையையும் இடப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவரும் இதை உணரலாம். அந்தச் சுருக்கம் அவர்களுடைய உழைப்பின் தடம். லோடு இறக்குகிற இடத்தில் அதைப் பார்த்துத்தான் "வயசான ஆளுக்கு ஏன்யா வண்டி குடுக்குறாங்க" என்கிறார்கள்.

இரவு ஷிஃப்டும் தன் பங்கைச் செய்கிறது. ஆலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்றிருந்த சட்டப் பிரிவை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அது பெண்களுக்குக் கிடைத்த உரிமை. அந்த உரிமையோடு உறக்கம் வரவில்லை. ஒரே அறையில் ஆறு பேர் தங்கி, மூன்று ஷிஃப்டுகளில் மாறி மாறிப் போய்வரும் விடுதியில் பகல் தூக்கம் என்பது ஒப்புக்குத்தான். 2010இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 23 பேரை நன்றாக உறங்கிய பிறகு ஒருமுறையும், தூக்கம் கெட்டு 31 மணி நேரம் விழித்திருந்த பிறகு ஒருமுறையும் படம் பிடித்தார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் படங்களைக் காட்டியபோது, உறங்காத முகத்தை அவர்கள் களைத்தது, உடல்நலம் குன்றியது என்று சரியாகவே கண்டுகொண்டார்கள். ஒரே இரவு செய்யும் வேலை அது. அதை மாதக்கணக்கில் நீட்டிப் பாருங்கள். இதோடு ரத்தசோகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. வெளிறிய இமை, வறண்ட தலைமுடி, ஒளி இழந்த தோல். முப்பது வயது முகத்துக்கு நாற்பதின் சாயலைத் தர இவை போதும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. முடித்த ஓர் இளைஞர் தோல் ஒவ்வாமைக்காக வந்தார். வயது இருபத்திரண்டு. பேசும்போதெல்லாம் கை வாயருகே போய்க்கொண்டே இருந்தது. முன்பற்களில் பழுப்புக் கறை, நடுநடுவே குழி. நேர்முகத்துக்குப் போன இடத்தில் "பான் போடுற பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். நண்பர்கள் "நாப்பது வயசுப் பல்லு" என்று பெயரே வைத்துவிட்டார்கள். "நான் பாக்குகூடப் போட்டதில்ல மேடம். எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்டித்தான்" என்றார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் என்று அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். கருங்கல் பாறைகளிலிருந்து கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக அளவுகோல். பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில், அதிக ஃப்ளூரைடு உள்ள நீரைக் குடித்தால் எனாமல் சரியாகக் கெட்டிப்படுவதில்லை. முதலில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு, பிறகு பழுப்பு. எந்தப் பற்பசைக்கும் அது போகாது. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பையும் அது விடுவதில்லை. மூட்டு இறுகி, முதுகு வளைந்து, நடை தளர்கிறது. காவிரி நீரை இந்த இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவர, ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் தீட்டப்பட்டது. 2008இல் அடிக்கல், கர்நாடகத்தின் எதிர்ப்பு, அதையெல்லாம் கடந்து 2013இல் திறப்பு. பல் என்பது குடித்த ஆண்டின் பதிவேடு. இன்று இருபதும் முப்பதுமாக வேலை தேடி நிற்கிறவர்கள், அந்தக் குழாய் வருவதற்கு முன்பே பல் முளைத்தவர்கள். அரசு ஆவணத்தில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக எழுதப்பட்ட ஒன்று, நேர்முக மேசையில் அந்த இளைஞருடைய சொந்தக் குறையாக மாறிவிட்டது.

ஆக, இங்கே ஒரு முகம் முதிர்ந்திருக்கிறது என்றால் வெயிலோ, உறங்காத இரவோ, தண்ணீரோ, இளவயதுக் கல்யாணமோ பின்னால் நிற்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட அந்த மனிதர் தேர்ந்தெடுக்கவில்லை.

நம் வீட்டுப் பழக்கத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் வாசலிலேயே தொடங்கிவிடும்: "ஏன்டி இப்டி எளச்சுட்ட, கறுத்துட்ட, முடியெல்லாம் கொட்டிப் போச்சு." அம்மா அதைச் சொல்லும்போது அவள் கண்ணுக்குத் தெரிவது மகள் சாப்பிடாத சாப்பாடு. இரண்டு தோசை கூடப் போடுவதற்கான முன்னுரை அது. அத்தையும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்லும்போது அதில் சாப்பாடு இல்லை. அளவெடுப்பு மட்டும் இருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தால் அடுத்த வரி தயாராக இருக்கும். "முகத்துல முத்தல் விழுறதுக்குள்ள முடிச்சுடணும்." முதிர்கன்னி என்று ஒரு பெண்ணைச் சுட்டுவதற்கு நம்மிடம் உள்ள தாராளம், அதே வயது ஆணிடம் காட்டப்படுவதில்லை. 2011இல் 'மங்காத்தா'வில் அஜித் நரையோடு வந்தார். அதற்குப் பிறகு இளநரை உள்ள பையன்களுக்கு அது ஸ்டைலாகிவிட்டது. அவர்களுக்காக நான் மகிழ்ச்சி அடைகிறேன். லைனில் நிற்கும் அவர்களுடைய தங்கைகளுக்கு அந்தச் சலுகை இன்னும் வரவில்லை.

சிலர் என்னிடம் வாதாடுவதுண்டு: "டாக்டர்களும் முகத்தைப் பார்த்துத்தானே வயதைச் சொல்கிறீர்கள்?" உண்மை. 'சொன்ன வயதைவிட மூத்துத் தெரிகிறார்' என்று நோயாளியின் குறிப்பில் எழுதுவது எங்கள் பயிற்சியிலேயே உண்டு. டென்மார்க்கில் எழுபது வயதைக் கடந்த 1,826 இரட்டையரின் புகைப்படங்களை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இரட்டையரில் யார் மூத்தவராகத் தெரிந்தாரோ அவரே முதலில் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று அது காட்டியது. ஆகவே தோற்றத்துக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்தாறு மாதத்துக்குள் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி "என்ன ஆச்சு உனக்கு" என்று கேட்கிற அளவுக்கு முகம் மாறினால், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்த்துவிட வேண்டும். நெடுநாள் இருமலும் எடைக் குறைவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். குவாரியில் கல் உடைக்கிறவராக இருந்தால் நுரையீரலைப் படம் எடுக்க வேண்டும். மனச்சோர்வும் முகத்தை முதிரவைக்கும். மருத்துவர் பார்ப்பது நோயைத் தேடி. பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேள்வி கேட்கிறார். கேன்டீன் மேசையில் பத்துப் பேர் நடுவே "என்னக்கா, டல்லடிச்சுப் போயிட்டே" என்பதில் அந்தத் தேடலும் இல்லை, அந்தக் கதவும் இல்லை.

அந்த மேசையிலிருந்து நேராக மருந்துக் கடைக்குத்தான் போகிறார்கள் என்பது என் பெரிய கவலை. மங்குக்கு என்று கேட்டால் கையில் தரப்படும் ட்யூபுகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்றாகும். நாலாவது மாதம் தோல் மெலியும், ரோமம் முளைக்கும், பரு கிளம்பும், வெயிலில் நின்றால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்குவதால் நிறுத்தவும் முடியாது. இளமையாகத் தெரிய வேண்டும் என்று பூசியதே தோலை முன்கூட்டிக் கிழமாக்கிவிடுகிறது. பூச்சு மருந்தாக விற்கும் 14 ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது. எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்த ஆணையைக் கடைகள் எவ்வளவு மதிக்கின்றன என்பதை என் நோயாளிகளின் கைப்பையிலிருந்து வெளிவரும் ட்யூபுகள் சொல்கின்றன. 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் பாதரசம் கலந்த அழகு க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பெயரே இல்லாத டப்பாவில் வரும் க்ரீம் எதையும் முகத்தில் வைக்காதீர்கள். தலைச் சாயத்திலும் கவனம் தேவை; கறுப்புச் சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெற்றியும் காதோரமும் கறுத்துப் போகும். நரையை மறைக்கப் போய் முகம் கறுத்தவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

சட்டம் இவர்களுக்குத் துணை நிற்கிறதா? பெரிதாக இல்லை. அரசமைப்பின் 15, 16ஆம் கூறுகள் மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் போன்றவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றன. வயது அந்தப் பட்டியலில் இல்லை. ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்திலும் இருக்கவில்லை. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தனியார் ஆலை வைக்கும் வயது வரம்பைக் கேள்வி கேட்கும் பிரிவு இல்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும், முதல் கர்ப்பத்திலேயே வேலையை விட வேண்டும் என்றிருந்த விதிகளை எதிர்த்து நர்கேஷ் மீர்சா தொடுத்த வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கர்ப்ப விதியை அது வன்மையாகக் கண்டித்து நீக்கியது. முப்பத்தைந்துக்கு மேல் பணியை நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம் என்றிருந்ததையும் ரத்து செய்தது. தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. விமானத்தில் ஒரு பெண்ணின் வயதைப் பற்றி எழுந்த அந்தக் கேள்வி, அசெம்ப்ளி லைனில் இன்னும் எழவில்லை.

அமெரிக்காவில் 1967 முதலே நாற்பது வயதைக் கடந்தவர்களை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்ற சட்டம் இருக்கிறது. 2022இல் இங்கிலாந்தில் ஒரு தொழிலாளர் தீர்ப்பாயம், ஆலையில் வேலை செய்த ஓர் எலெக்ட்ரீஷியனை மேற்பார்வையாளர் வழுக்கை என்று திட்டியதைப் பாலினம் சார்ந்த துன்புறுத்தலாகவே கருதித் தீர்ப்புச் சொன்னது. தோற்றத்தைப் பற்றிய பேச்சு, பணியிடத்தில் சட்டவிரோதச் செயலாகலாம் என்பதை அந்த நாடு ஏற்றுக்கொண்டது. நம்மிடம் அதற்குச் சட்டம் வரக் காலம் ஆகலாம். அதற்காக ஆலைகள் காத்திருக்கத் தேவையில்லை.

ஏனென்றால் நம் மாநிலத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், வேலை விளம்பரங்களில் வயது, பாலினம், மணநிலை எதையும் குறிப்பிடக் கூடாது என்று தனக்கு ஆள் எடுத்துத் தரும் முகவர்களுக்கு அந்நிறுவனம் உத்தரவிட்டதாக ராய்ட்டர்ஸ் மறுபடி எழுதியது. தாளிலிருந்து ஒரு வரியை எடுப்பதால் மட்டும் வரிசையில் நிற்பவரை அளக்கும் கண் மாறிவிடாது. ஆனாலும் அந்த வரி இருக்கிறவரை கண்ணுக்கு அதிகாரம் இருக்கிறது.

பேச்சினால் உடம்புக்கு என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஐம்பது வயதைக் கடந்த 660 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து, பெக்கா லெவி என்ற உளவியலாளர் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தனக்கு வயதாவதை நல்லவிதமாக எண்ணியவர்கள், கசப்பாக எண்ணியவர்களைவிட ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஓர் ஆய்வை வைத்துக் காரணத்தை முடிவு செய்துவிட முடியாது. ஆனாலும் இருபத்தொன்பது வயதிலேயே நீ முடிந்துபோனவள் என்று ஒரு பெண்ணை நம்பவைக்கும்போது, அவளுடைய வாழ்நாளில் எதைத் தொடுகிறோம் என்று எனக்குப் பதைக்கிறது.

சொல்லடி பட்டவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். வலிப்பதற்காக வெட்கப்பட வேண்டாம். "பேரச் சொல்லிக் கூப்பிடு" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையில் பெயர் இருக்கிறது. மங்குக்கு வைத்தியம் உண்டு, ஆனால் மாதங்கள் ஆகும். ஸ்கூட்டியில் போகும்போது முகத்தைச் சுற்றிக் கட்டும் துப்பட்டாவும், நடந்து போகும்போது அகன்ற குடையும் நல்ல காவல். விலை உயர்ந்த சன்ஸ்க்ரீன் வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். பற்கறைக்கும் இப்போது சிகிச்சை இருக்கிறது. லேசான கறையை மேற்பூச்சிலேயே சரிசெய்யலாம். இந்தச் செலவை அந்த இளைஞர்கள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் ஓசூர் அரசு மருத்துவமனையும் ஃப்ளூரைடு பல் சிகிச்சைக்கென்று ஷிஃப்ட் வேலைக்காரர்கள் வரக்கூடிய மாலை நேரத்தில் ஒரு பிரிவை நடத்த வேண்டும். தோல் பிரிவும் அப்படியே. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் திறந்திருக்கும் புறநோயாளிப் பிரிவு, ஏ ஷிஃப்ட்காரருக்கு ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடுகிறது.

ஆலைகளின் மனிதவளப் பிரிவுகளிடம் ஒரு வேண்டுகோள். லைன் லீடர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறீர்கள், பாலியல் தொல்லைத் தடுப்புப் பயிற்சி கொடுக்கிறீர்கள். அதே வகுப்பில் பத்து நிமிடம் இதற்கும் ஒதுக்குங்கள்: நிறம், முடி, பல், வயது பற்றி லைனில் பேசக் கூடாது. புதிதாக வந்த பிள்ளைகளை மூத்தவர்களிடம் உட்கார்த்தி வேலை கற்கச் சொல்லுங்கள். பத்து வருடக் கைப்பழக்கம் அவர்கள் முகத்தில் தெரியாது, விரலில் தெரியும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகிறது. அரசின் மேடை அது. நிபந்தனை வைக்க அரசுக்கு முழு உரிமை உண்டு. வயது வரம்பு கேட்கிற நிறுவனம், இந்த வேலையைச் செய்ய ஏன் இந்த வயதுதான் வேண்டும் என்று எழுத்தில் காரணம் தரட்டும். கண்பார்வை வேண்டும் என்றால் கண்ணைச் சோதிக்கட்டும். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்றால் உடல்தகுதிச் சான்று கேட்கட்டும். காரணம் தர முடியாத நிறுவனத்துக்கு முகாமில் மேசை தரக் கூடாது. கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்துவிடலாம். அடுத்த முகாமிலேயே தொடங்கலாம்.

(கட்டுரையாளர், ஓசூரில் பணியாற்றும் தோல் மருத்துவர்)